வளர்ச்சி வண்ணார்பேட்டையைத் தாண்ட என்ன வழி?

திருநெல்வேலியை அடுத்த சுத்தமல்லியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, பைக் ஷோரூம், பெரிய ஓட்டல் எது வந்தாலும் வண்ணார்பேட்டையிலும் புது பஸ் ஸ்டாண்ட் பக்கமும்தான் வருகிறது. எங்கள் பக்கம் பிளாட் மட்டும்தான் போடுகிறார்கள். பேட்டை, சுத்தமல்லி, தாழையூத்து, கங்கைகொண்டான், சேரன்மகாதேவி என்று சுற்றியுள்ள ஊர்களுக்கு வேலையும் தொழிலும் எப்படி வரும்? நான் இன்வெர்ட்டர், சோலார் சர்வீஸ் கடை ஒன்று போடலாம் என்று இருக்கிறேன். ஊரிலேயே போடலாமா, வண்ணார்பேட்டைக்குத்தான் போக வேண்டுமா?"

தம்பி, இரண்டும் ஒரே கேள்விதான். கடை விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். ஆலங்குளம், வீரவநல்லூர், மேலப்பாளையம், கடைசியாகப் பாளையங்கோட்டை என்று வேலை பார்த்தது எல்லாம் நெல்லைச் சீமைக்குள்ளேதான். ஒரு ஊர் எந்தப் பக்கம் போகிறது என்று அங்கே வருகிற கடன் மனுக்களைப் பார்த்தாலே தெரியும். டிராக்டருக்கும் தையல் மிஷினுக்கும் கேட்டுக்கொண்டிருந்த ஊர், திடீரென்று வீட்டுக் கடன் மட்டும் கேட்க ஆரம்பித்தால், அந்த ஊர்க்காரர்கள் சம்பாதிப்பது வேறு எங்கோ என்று அர்த்தம்.

உங்கள் ஊர் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது. வீடு வந்துவிட்டது, வேலை வரவில்லை. காலை எட்டு மணிக்கு ஊர் காலியாகி, ராத்திரி தூங்கத்தான் திரும்பி வருகிறது. சம்பளம் வண்ணார்பேட்டையில் கைக்கு வந்து, பாதி அங்கேயே செலவாகி, மீதியில் பெரும்பகுதி வீட்டுக் கடன் தவணைக்குப் போய்விடுகிறது. ஊர்க் கடையில் செலவாவது பால், பச்சை மிளகாய், மொபைல் ரீசார்ஜ், அவ்வளவுதான். சம்பளம் எங்கே செலவாகிறதோ அங்கேதான் அடுத்த கடை திறக்கும். அந்தக் கடைக்கு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டும், சாப்பாட்டுக் கடைக்குக் காய்கறி வேண்டும். வளர்ச்சி பரவுவது என்று நான் சொல்வது இந்தச் சங்கிலியைத்தான். இது அறுபடாமல் ஒரு ஊருக்குள் ஓட வேண்டும் என்றால், வேலைக்குப் போகிறவர் அந்த ஊரில் இறங்கி நடக்க வேண்டும், முடிந்தால் அங்கேயே குடியிருக்கவும் வேண்டும்.

நம்ம ஊரில் 'சென்டர்' என்பது ஒரே இடத்தில் நின்றதே இல்லை. ஒரு காலத்தில் எல்லாம் டவுன்தான். நெல்லையப்பர் கோயில், நாலு ரத வீதி, நயினார்குளம் மார்க்கெட். பாளையங்கோட்டை தனி ஊர்; கோட்டை, வெள்ளைக்காரர் காலத்து மிஷன் பள்ளிக்கூடங்கள். நடுவில் தாமிரபரணி. ஓடத்தில்தான் கடக்க வேண்டும். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் கைப்பணத்தைப் போட்டுப் பாலம் கட்டிக் கொடுத்தார். 1843-ல் அது திறந்தது. டவுன்காரர் பிள்ளை பாளையங்கோட்டையில் படித்துவிட்டு, ஆற்றில் வெள்ளம் வருமோ என்ற பயம் இல்லாமல் சாயங்காலம் வீடு திரும்ப முடிந்தது அதற்குப் பிறகுதான். 1876-ல் ரயில் வந்தது. ஸ்டேஷன் டவுனிலும் இல்லை, பாளையிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. அதைச் சுற்றி லாட்ஜ், ஓட்டல், பஸ் ஸ்டாண்ட் என்று ஜங்ஷன் என்ற புது ஊரே எழும்பியது. 1973-ல் ஈரடுக்குப் பாலம் வந்தது, ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்கிற பாடு போனது. அப்புறம் புறவழிச்சாலையும் பைக்கும் காரும் பெருகியதும் வண்ணார்பேட்டை. 2003-ல் வேய்ந்தான்குளத்தில் புது பஸ் ஸ்டாண்ட் திறந்ததும் பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி, ரெட்டியார்பட்டி ரோடு.

1843-ல் இருந்து 2003 வரை 160 வருஷம். அத்தனை தடவையும் முதலில் வந்தது பாலம், தண்டவாளம், பஸ் ஸ்டாண்ட். கடை அதன் பின்னால் வந்தது. இதில் ஒரு வருத்தமும் உண்டு. வளர்ச்சி பரவியதைவிட இடம் பெயர்ந்ததுதான் அதிகம். ஒரு பக்கம் எழும்ப எழும்ப, பழைய பக்கம் வாடியது. டவுன் ரத வீதிக் கடைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கங்கைகொண்டானை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து வடக்கே சுமார் 18 கி.மீ., நாலுவழிச் சாலை பக்கத்திலேயே போகிறது. சிப்காட் என்கிற அரசுத் தொழிற்பூங்கா இருக்கிறது, டயர் ஆலை இருக்கிறது. எல்காட் ஐ.டி. பூங்கா கட்டி முடித்தும் பல வருஷம் ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்தது. 2025 பிப்ரவரியில் டாடா பவரின் சோலார் ஆலையை முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். வருஷத்துக்கு 4 ஜிகாவாட்டுக்கு மேல் சோலார் செல்களும் பேனல்களும் செய்யக்கூடிய ஆலை. வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம்ம பக்கத்துப் பெண்பிள்ளைகள் வேலை தேடிக் கோயம்புத்தூருக்கும் ஓசூருக்கும் பெட்டி கட்டியதைப் பார்த்துப் பார்த்து மனசு வெந்தவன் நான். இந்த ஆலையை நினைத்தால் உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் ஒரு நாள் அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள். நான் நின்றேன். கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளியே வருகின்றன. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து அதற்குள் தூங்கிப்போன முகங்கள். ஒரு பஸ்கூட ஊருக்குள் திரும்பவில்லை. நேரே நாலுவழிச் சாலையில் ஏறித் தெற்கே போய்விட்டன. சாலையோரத்தில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் அவித்த பனங்கிழங்கும் வேர்க்கடலையும் வைத்துக்கொண்டு, பெட்ரோமாக்ஸ் மாதிரி பளிச்சென்று ஒரு சார்ஜர் லைட்டைக் கட்டியிருந்தார். அரை மணி நேரத்தில் அவரிடம் வாங்கியது இரண்டு லாரி டிரைவர்களும் நானும்தான். "இத்தனை பஸ் போகுதே, ஒண்ணாவது நிக்குமாம்மா?" என்றேன். "எப்படி நிக்கும்? நின்னா அந்தப் பிள்ளைகளுக்கு வீடு போய்ச் சேர நேரமாயிரும்லா" என்றார்.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ் விடுவது கம்பெனியின் நல்ல காரியம். ஆனால் அந்தச் சம்பளம் கங்கைகொண்டான் எல்லையில் ஒரு பனங்கிழங்குக்குக்கூட நிற்காமல் போகிறது என்றால், ஆலையைச் சுற்றி ஊர் உருவாக வேண்டிய ஏற்பாடு இல்லை என்று அர்த்தம். மாச வாடகைக்கு ஒழுங்கான வீடு, குழந்தையை விட்டுவிட்டுப் போகக் காப்பகம், ராத்திரி காய்ச்சல் வந்தால் பார்க்க டாக்டர், பிள்ளையை நம்பிச் சேர்க்கிற ஸ்கூல் இதெல்லாம் ஆலைக்கு அடிக்கல் நாட்டுகிற அன்றைக்கே தொடங்க வேண்டிய வேலைகள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு தோழி விடுதிகள் கட்டுகிறது. அப்படி ஒன்று சிப்காட் வாசலில் இருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால், ராதாபுரத்தில் இருந்தும் சங்கரன்கோவிலில் இருந்தும் வருகிற பெண் அங்கேயே தங்குவாள். அவள் தங்கினால் அந்த அம்மாவின் தள்ளுவண்டி ஒரு வருஷத்தில் கடையாகும்.

இது கற்பனை இல்லை. விக்கிரமசிங்கபுரத்தில் நடந்தது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில், தாமிரபரணித் தண்ணீரின் விசையால் ஓடும் பஞ்சாலையைத் தொடங்கினார்கள். தண்ணீரின் வேகம் அங்கே இருந்ததால் ஆலை மலையடிவாரத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் திருநெல்வேலியில் இருந்து தினம் ஆளைக் கூட்டிவந்து திருப்பி அனுப்ப வழியில்லை. அதனால் தொழிலாளி குடும்பத்தோடு அங்கே குடியேறினார். வீடு, சந்தை, பள்ளிக்கூடம், கடைவீதி என்று ஒரு நகராட்சியே உண்டாயிற்று. வீரவநல்லூர்க் கிளையில் என்னோடு இருந்த ஒரு அம்பாசமுத்திரத்துக்காரர், சின்ன வயசில் ஆலையின் சம்பள நாளன்று அந்தக் கடைவீதியில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது என்பார். ஆலையில் ஆள் குறைந்தபோது ஊரும் சேர்ந்து இளைத்தது என்பதையும் அவரேதான் சொன்னார். ஒரே ஆலையை நம்பிய ஊருக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

இன்னொரு உதாரணம் மத்தளம்பாறை. ஸோஹோ நிறுவனம் 2011-ல் தென்காசியில் சின்ன அளவில் தொடங்கி, பிறகு மத்தளம்பாறையில் பெரிதாக இடம் அமைத்தது. அதன் ஸோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் அங்கே உருவானது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அந்தப் பக்கமே குடியேறி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுத்தார். சம்பளம் வாங்குகிறவர் பக்கத்து ஊர்க்காரர், சாயங்காலம் பைக்கில் பத்து நிமிஷத்தில் வீடு. அதனால் பணம் ஊருக்குள் நிற்கிறது. ஆனால் இதைப் பார்த்துவிட்டு ஊர் ஊருக்கு ஐ.டி. பூங்கா கட்டலாம் என்று கிளம்பினால் அது சரியாக வராது. அங்கே முதலில் வந்தது வேலை கொடுக்க ஒருவர், கட்டடம் பிறகு. கங்கைகொண்டானில் கட்டடம் முதலில் வந்தது.

நான் பெரிதாக மதிக்கிற ஒரு பாடம் பீடியில் இருக்கிறது. யாரும் அதைத் தொழில் வளர்ச்சி என்று சொல்ல மாட்டார்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் பெண்கள் மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டிக்கொண்டிருப்பார்கள். எந்த அரசும் சிப்காட் அமைக்கவில்லை, நாலுவழிச் சாலை போடவில்லை. இலையும் தூளும் பக்கத்துத் தெருக் கடையில் கிடைக்கும், சுற்றிய பீடியை அங்கேயே கொடுக்கலாம், வாரா வாரம் கூலி. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம். அதனால்தான் அது இந்தச் சீமை முழுக்கப் பரவியது. கூலி குறைவு, நெஞ்சுக்குக் கெடுதல், இன்றைக்கு வேலையும் குறைந்துவருகிறது. மேலப்பாளையத்தில் ஒரு அம்மா பி.எஃப். பணத்தில் மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, "இந்தச் சுளவு என்னோட போகட்டும் சார்" என்றார். போகத்தான் வேண்டும். ஆனால் அதன் இடத்தில் எது வந்தாலும், அந்தப் பெண்ணின் வாசலில் இருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள், வர விட மாட்டார்கள்.

அதனால்தான் பஸ்ஸை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். எங்களுக்கு வேண்டிய குடும்பத்துப் பெண் ஒருத்தி, நரசிங்கநல்லூர்க்காரி, வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். 2021 மே மாதத்தில் இருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது வந்த பிறகுதான் இந்த வேலைக்குப் போகவே வீட்டில் சம்மதித்தார்கள். காலையில் பிரச்சினை இல்லை. ராத்திரி கடை அடைக்க ஒன்பதரை, மடித்த சேலையை அடுக்கிவிட்டு வெளியே வரப் பத்து. அந்த நேரத்தில் அவள் ஊர்ப் பக்கம் பஸ் வருமா வராதா என்பது அன்றைய அதிர்ஷ்டம். வராத அன்று ஷேர் ஆட்டோவில் பேட்டை வரை, அங்கிருந்து அவள் தம்பியின் பைக்கில். அவன் இப்போது சென்னைக்கு வேலைக்குப் போகிறான். "இனி எப்படிம்மா?" என்று கேட்டதற்கு, "பாப்போம் மாமா, இல்லைன்னா நின்னுர வேண்டியதுதான்" என்றாள். ஒரே ஒரு ராத்திரி பஸ் இல்லாததால் ஒரு சம்பளம் நிற்கப்போகிறது. அந்தச் சம்பளத்தை நம்பி நரசிங்கநல்லூரில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது.

இன்னொன்று, நம்ம பஸ் தடங்கள் எல்லாம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி நடுவை நோக்கியே ஓடுகின்றன. சுத்தமல்லியில் இருந்து கங்கைகொண்டானுக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றால், முதலில் ஊருக்குள் வந்து, பஸ் மாறி, வந்த நெரிசலிலேயே வெளியே போக வேண்டும். நடு வழியாகத்தான் எல்லோரும் போக வேண்டும் என்றால் கடையும் நடுவில்தான் வைப்பார்கள். சக்கரத்துக்கு வட்டை, அதாவது சுற்று வளையம், வேண்டும். பேட்டையில் ஏறினால் அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகம், தாழையூத்து, கங்கைகொண்டான் என்று வெளியாகவே போகிற தடம் வேண்டும். தாழையூத்தில் இருந்து மேற்கே சுற்றிக் கொங்கந்தான்பாறை வரை போகும் மேற்குப் புறவழிச்சாலைத் திட்டம் நல்லதுதான். ஆனால் அதில் லாரி மட்டும் ஓடினால் இரண்டு பக்கமும் பிளாட் போர்டுதான் முளைக்கும். சாலை திறக்கிற அன்றைக்கே நேரம் தவறாத டவுன் பஸ்ஸும் ஓட வேண்டும். 2025-ல் நடைமுறைக்கு வந்த மினி பஸ் திட்டத்தில் 25 கி.மீ. வரை தடம் கொடுக்கிறார்கள். பஞ்சாயத்துக்காரர்கள் சேர்ந்து இந்த மாதிரித் தடத்தைக் கேட்டு வாங்கலாம்.

தண்டவாளமோ ஏற்கெனவே போட்டுக் கிடக்கிறது. தென்காசிப் பாதை 1900-களின் தொடக்கத்தில் வந்தது. 2012-ல் அகலப்பாதையாகி, இப்போது மின்மயமும் ஆகிவிட்டது. பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஊருக்கு ஊர் ஸ்டேஷன். வடக்கே மணியாச்சிப் பாதையில் தாழையூத்து, கங்கைகொண்டான். ஆனால் ஒரு நாளைக்குச் செங்கோட்டைப் பாசஞ்சர் எத்தனை என்று ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். காலை வண்டியை விட்டால் அடுத்தது வரும்போது அலுவலக நேரம் போய்விடும். சேரன்மகாதேவியில் புறப்பட்டு, பேட்டை, டவுன், ஜங்ஷன் வழியாகக் கங்கைகொண்டான் வரை காலையில் மூன்று, மாலையில் மூன்று வண்டி ஓட்டினால் போதும். மொத்தம் 40 கி.மீ.க்கும் குறைவான தூரம்தான். புதிதாக ஒரு சென்ட் நிலம் எடுக்க வேண்டாம். நம்ம எம்.பி. யாராக இருந்தாலும் அவரிடம் நான் கேட்கிற முதல் காரியம் இதுதான்.

சென்னை எப்படிப் பரந்தது என்று பாருங்கள். கடற்கரையில் இருந்து தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அதன் பிறகு கிண்டியில் 1958-ல் தொழிற்பேட்டை, 1964-ல் அம்பத்தூர். வண்டியும் வேலையும் வெளியே போனதால் குரோம்பேட்டையும் அம்பத்தூரும் ஊராயின. அங்கே தெருமுனைக்குத் தெருமுனை மளிகைக் கடை வைத்தவர்களில் எத்தனை பேர் நம்ம பக்கத்து அண்ணாச்சிகள்! நாசரேத்திலும் திசையன்விளையிலும் இருந்து போனவர்கள் ஒரு பட்டணத்தின் புறநகர் எப்படி வளரும் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தே படித்தார்கள். அதே சென்னையில் தப்பும் நடந்தது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள், பக்கத்து ரயில் நிலையம் தயாராகவில்லை. நம்ம ஊரில் இருந்து போகிறவர்கள் விடியற்காலையில் மூட்டை முடிச்சோடு இறங்கி, நகரத்துக்குள் போகப் பட்ட பாடு தெரிந்ததுதான். இடத்தை வெளியே மாற்றுவது சுலபம், அதற்கு முன்னால் போக்குவரத்தை மாற்ற வேண்டும்.

அடுத்து பணம். இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கிராமத்துக் கிளைகளில் டெபாசிட் நன்றாகவே வரும். துபாய்ப் பணம், நெல் விற்ற பணம், ஓய்வு பெற்ற வாத்தியாரின் பணம். அது அந்த ஊருக்கே கடனாகத் திரும்புவது குறைவு. காரணம் பிணையம். வீரவநல்லூரில் இருந்தபோது ஒருவர் வந்தார். பன்னிரண்டு வருஷம் திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். ஊரில் பத்துத் தையல் மிஷின் போட்டு, சுற்றியுள்ள பெண்களுக்கு வேலை கொடுக்கப் போகிறேன் என்றார். எந்தக் கம்பெனி துணி தரும், ஒரு சட்டைக்கு எத்தனை நிமிஷம், ஒரு மிஷின் நாளைக்கு எத்தனை தள்ளும் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அந்த மாதிரி ஒரு திட்ட அறிக்கையை நான் பிற்பாடு பார்த்ததே இல்லை. பிணையமாகப் பூர்வீக வீடு. கிராமத்துத் தெரு என்பதால் வழிகாட்டி மதிப்பு குறைவு. நான் பரிந்துரை எழுதினேன், மேலிடத்தில் பாதியாகக் குறைத்தார்கள். பாதிப் பணத்தில் பத்து மிஷின் வராது. அவர் நோட்டை வாங்கிக்கொண்டு, "பரவாயில்ல சார், நீங்க என்ன செய்வீங்க" என்று சொல்லிவிட்டுத் திருப்பூருக்கே திரும்பிப் போனார். பிற்பாடு பாளையங்கோட்டையில் இருந்தபோது, மெயின் ரோட்டில் இடம் வைத்திருந்த ஒருவருக்கு, அந்த நோட்டில் கால்வாசித் தெளிவுகூட இல்லாத ஒரு மனுவுக்கு, கேட்ட தொகை கிடைத்தது. நிலத்தின் விலையைப் பார்த்துக் கடன் கொடுத்தால், விலை ஏறிய இடத்துக்கே பணம் போகும். அந்த நோட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. சிறுதொழிலுக்குப் பிணையம் இல்லாமல் கடன் கொடுக்க உத்தரவாத நிதி 2000-ல் இருந்தே இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில், பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள், மானியம் நகரத்தில் 15 சதவீதம் என்றால் கிராமப்புறத்தில் 25. பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகளுக்கு நகரத்தில் 25, கிராமப்புறத்தில் 35. ஊரில் தொழில் தொடங்குகிறவருக்குத் திட்டமே பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறது. கேட்கிறவர்கள்தான் குறைவு.

சுற்றுப் பஞ்சாயத்துகளை மாநகராட்சியோடு சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். 1994-ல் மாநகராட்சி அமைந்தபோது பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாம் உள்ளே வந்தன. மேலப்பாளையத்துக்காரர்களிடம் கேளுங்கள், சேர்ந்ததால் மட்டும் சாக்கடையும் சாலையும் வந்துவிட்டதா என்று. பஞ்சாயத்து மாநகராட்சியானால் கிராமப்புற வேலை உறுதித் திட்டம் நின்றுவிடும், கிராமப்புற மானியம் போய்விடும், வீட்டு வரி ஏறும். இவை மூன்றுக்கும் ஈடாக என்ன வரும் என்று எழுத்தில் சொல்லாதவரை கிராமத்துக்காரர் எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது.

வெளியே பரவுவதில் எனக்கு உள்ள பெரிய கவலை தண்ணீர். உங்கள் சுத்தமல்லி அணைக்கட்டில் புறப்படுகிற நெல்லைக் கால்வாய்தான் வயல்களுக்குப் பாய்ந்து நயினார்குளம் வரை வருகிறது. தெற்கே பாளையங்கால்வாய், வடக்கே கோடகன் கால்வாய். இந்த ஊரைச் சுற்றிப் பெயரில் குளம் இல்லாத இடமே குறைவு. அந்தக் குளங்களுக்குள்ளும் அவற்றின் வரத்துக்கால்களிலும்தான் இப்போது பிளாட் போடுகிறோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜங்ஷனுக்குள் வெள்ளம், கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசைச் சுற்றி வெள்ளம். வயல் என்பது மழைத் தண்ணீர் இரண்டு நாள் நின்று போக ஒரு இடம். மேற்கே இருக்கிற அத்தனை நஞ்சையையும் மனையாக்கிவிட்டு அதை வளர்ச்சி என்று சொன்னால், அந்தத் தண்ணீர் டவுனுக்குள்தான் வரும். தொழில் போக வேண்டிய பக்கம் வடக்கும் தெற்கும்: கங்கைகொண்டான், மூன்றடைப்பு, நாங்குநேரி என்று மேட்டுப் புஞ்சையும் செம்மண் தரையும் கிடக்கிறது. நாங்குநேரியில் 2,000 ஏக்கருக்கு மேல் தொழில் மண்டலத்துக்கென்று எடுத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருக்கிற அந்த இடத்தை நிரப்பாமல் ஆற்றுப் பாசனத்தில் கை வைப்பது எனக்குச் சம்மதமே இல்லை.

இருக்கிற நடுவையும் பட்டினி போடக் கூடாது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டுகிறோம் என்று பல வருஷம் மூடி வைத்தபோது, சுற்றியிருந்த டீக்கடை, பழக்கடை, லாட்ஜ், புத்தகக் கடைக்காரர்கள் பட்ட கஷ்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பஸ் நிற்கிற இடம் நூறு அடி தள்ளிப் போனாலே ஒரு கடையின் வியாபாரம் பாதியாகிறது.

சரி, உங்கள் கடை. தம்பி, ஊரிலேயே போடுங்கள். சேலை வாங்க ஜனம் வண்ணார்பேட்டைக்குப் போகும், ஆனால் இன்வெர்ட்டர் நின்றுபோனால் நீங்கள்தான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். பேட்டையில் இருந்து சுத்தமல்லி வரை புதிதாக வந்திருப்பது எல்லாம் தனி வீடுகள், சொந்த மொட்டை மாடி. 2024-ல் வந்த சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய மானியம் கிடைக்கிறது. உங்கள் வாடிக்கையாளர் உங்கள் தெருவிலேயே இருக்கிறார். வண்ணார்பேட்டை வாடகையில் மாசம் மிச்சமாவதை வைத்துப் பேட்டரி ஸ்டாக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

இடம் பேசி முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு வேலை நாளில் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரையும், மாலை ஆறு முதல் எட்டு வரையும் அந்த இடத்தின் எதிரில் நின்று, எந்தப் பக்கம் ஆள் இறங்கி நடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள் நடக்கிற பக்கத்தில் கடை இருக்க வேண்டும். அப்புறம் அந்த சர்வே எண்ணுக்கு எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தையும், நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும் எடுத்து, கால்வாயோ வரத்துக்காலோ குறுக்கே போகிறதா என்று பாருங்கள். பேட்டரிக் கடைக்குள் வெள்ளம் புகுந்தால் முதல் வருஷமே முடிந்துவிடும். அது சரியாக இருந்தால், மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. மனுவைப் போடுங்கள். தொழில் அமையும் இடம் என்ற கட்டத்தில் உங்கள் பஞ்சாயத்துப் பெயரை எழுதி, கிராமப்புறம் என்று குறியுங்கள். திட்ட அறிக்கை எழுதும்போது எனக்குச் சொல்லுங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் பேட்டை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்த பிள்ளைகள் இருப்பார்கள், உங்கள் கடைக்குச் சைக்கிளில் வந்துவிடக் கூடிய ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள்.